நைனா பணியிடம் காலி

அல்லிக்கண்டிகை அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார் ஜூன் மாதமே பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்தான். போகிற அவசரத்தில் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அதை அழிக்கப் பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை. காலாண்டுத் தேர்வு வரைக்கும் அது அப்படியே கிடந்தது. காலாண்டில் பத்தாம் வகுப்பு மொத்தமும் கணக்கில் குப்புற விழுந்தது. வாத்தியார் இல்லாத வகுப்பு விழாமல் என்ன செய்யும் என்று நீங்களும் நானும் கேட்போம். நாம் விவரம் தெரியாதவர்கள். விவரம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

துளசிங்கமும் விவரம் தெரியாதவர்தான். திருத்தணி ரயிலடியிலிருந்து மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "கொண்டக்கி, கொண்டக்கி" என்று தெலுங்கில் ஒரு கூவல், "மலைக்கு, மலைக்கு" என்று தமிழில் ஒரு கூவல், நடுவில் ஒரு இருமல், இதுதான் அவர் பிழைப்பு. காலையில் மாட்டின காக்கிச் சட்டை பொழுது சாய்ந்த பிறகுதான் ஆணிக்குப் போகும். அவருடைய ஒரே மகள் உதயா பத்தாம் வகுப்பு. மற்ற பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் மட்டும் பதினெட்டு மதிப்பெண். கணக்கில் தேறினால் பதினொன்றாம் வகுப்புக்குத் திருத்தணி போகலாம். தேறாவிட்டால் பொதட்டூர்பேட்டையில் அவள் அம்மா ஜெயம்மாவின் அண்ணன் வீட்டில் விசைத்தறி ஒன்று ஆளில்லாமல் இருக்கிறது. அந்த மாமன் கெட்டவன் இல்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தறியைப் பற்றியே விசாரிப்பான். உதயாவுக்கு அந்தத் தறி என்றாலே பயம். துளசிங்கத்துக்கு அவளை விட அதிகப் பயம்.

எனவே துளசிங்கம் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கணக்கு வாத்தியார் கேட்டு மனுக் கொடுத்தார். மனு மேலே போயிற்று. இன்னும் மேலே போயிற்று. மலைக்குப் போகிற ஆட்டோவாவது சில நேரம் வழியில் நின்றுவிடும்; இந்த மனு நிற்காமல் போய்ச் சேர்ந்த இடம் குடும்பக் கற்றல் மனப்பான்மை மேம்பாட்டு இயக்ககம். அங்கே அதைப் படித்துப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார்கள். ஒரு ஊரே தன் பிள்ளைகளின் தோல்விக்கு வாத்தியார் இல்லாததைக் காரணம் காட்டுகிறது என்றால், அந்த ஊரின் மனப்பான்மை எவ்வளவு கெட்டுப்போயிருக்க வேண்டும். உடனே கிளம்பி வந்தார்கள்.

வந்தவர் இணை இயக்குநர் முனைவர் சங்கரநயினார். திருநெல்வேலிச் சீமைக்காரர். அவர் வீட்டில் அந்தக் காலத்திலேயே கற்றல் மனப்பான்மை கரைபுரண்டு ஓடியது. சினிமா பார்க்கக் கூடாது, ரேடியோவில் பாட்டுக் கேட்கக் கூடாது, தெருப் பிள்ளைகளோடு பேசக் கூடாது என்று அவர் தகப்பனார் அவரை வளர்த்தார். அதனால் முனைவர் ஆனார். அதனாலேயே தமிழ்நாட்டில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரிந்த சில விஷயங்கள் அவருக்குத் தெரியாமலும் போயின. அதில் ஒன்றுதான் இந்தக் கதை.

அவரோடு கூடவே கஜபதி என்றொரு குமாஸ்தா வந்தார். அவர் உள்ளூர் மனிதர், பக்கத்துக் கிராமம். எல்லாம் தெரிந்தவர், அதனால் எதையும் பேசமாட்டார்.

பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டுப் பெற்றோர் கூட்டம் நடந்தது. சங்கரநயினார் மைக்கைப் பிடித்தார்.

"பெற்றோர்களே, கணக்கு ஆசிரியர் இல்லை என்கிறீர்கள். ஆசிரியர் இன்று வருவார், நாளை மாறுதலில் போவார். மனப்பான்மை மாறுதலில் போகுமா? என் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு ஒருவர், இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர் என்று மூன்று ஆசிரியர்கள் என் வீட்டுக்கே வருகிறார்கள். அவன் முதல் மதிப்பெண் வாங்குவதற்கு அவர்களா காரணம்? இல்லை. என்னுடைய மனப்பான்மை."

கரும்பு வெட்டப் போகிற சேட்டு என்பவர் எழுந்து, அந்த மூன்று பேரில் கணக்குக்காரரை மட்டும் கொஞ்ச நாளைக்கு இங்கே அனுப்பக் கூடாதா என்று பணிவாகத்தான் கேட்டார். சங்கரநயினார் கஜபதி பக்கம் திரும்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன மனப்பான்மை இதுதான் என்றார். கஜபதி குறித்துக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆட்டக்காரியே வரவில்லை, அதற்குள் கூடத்தை அளக்க வந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெயம்மாவுக்கு ஒரு சந்தேகம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு மனப்பான்மை என்பது மனப்பாடம் என்று காதில் விழுந்திருந்தது. "அத்த மனப்பாடம் பண்ணாத்தான் வாத்தியார அனுப்புவாங்களாமா?" என்று புருஷனைக் கேட்டாள். துளசிங்கம் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றார். பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது அவள் காதில் விழுந்ததுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வந்தது கற்றல் மூலை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலையை ஒழித்து நீல வண்ணம் அடித்து, இயக்ககத்தின் ஸ்டிக்கர் ஒட்டி, பிள்ளை அங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். துளசிங்கத்தின் வீடு ஒரே அறை. ஒரு மூலையில் சாமி, ஒன்றில் தண்ணீர்க் குடம், ஒன்றில் பாய் தலையணை, நாலாவது மூலையில் கதவு. சாமியிடம் கேட்டுக்கொண்டு சாமியையே நகர்த்தினார்கள். தணிகை மலையில் அத்தனை படி ஏறி நிற்கிறவருக்கு இந்த ஒரு இடமாற்றம் பெரிதில்லை என்று ஜெயம்மா சமாதானம் சொல்லிக்கொண்டாள். அறைக்கு ஒரே டியூப் லைட். அது நடுவில் எரியும். மூலையில் உட்கார்ந்தால் புத்தகம் தெரியாது. அதனால் அதிகாரிகள் வந்தால் உதயா மூலைக்குப் போவாள், அவர்கள் போனதும் வெளிச்சத்துக்கு வந்து படிப்பாள்.

அப்புறம் வந்தது உற்சாகக் கைதட்டல். சாயங்காலம் ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். உடனே எல்லா வீட்டிலும் டி.வி.யை அணைத்துவிட்டுப் பெற்றோர் வாசலில் நின்று, உள்ளே படிக்கிற பிள்ளைக்குக் கேட்கும்படி கை தட்ட வேண்டும். ஊரே வரிசையாக வாசலில் நின்று தட்டுகிற சத்தத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வரி மண்டையில் ஏறாது. ஒருநாள் சித்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்குப் போன பக்தர்கள் பஸ் ஒன்று இதைப் பார்த்து நின்றுவிட்டது. இறங்கி வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏ தேவுடண்டி?" என்று கேட்டார். எந்தச் சாமி என்று கேட்கிறார் என்பது துளசிங்கத்துக்குப் புரிந்தது. கணக்கு சாமி என்று ஜெயம்மா சொல்லிவைத்தாள். அவர்களும் பக்தியோடு நின்று தட்டிவிட்டுப் போனார்கள். அன்றைய தினம் ஊருக்கு வெளியிலிருந்தும் மனப்பான்மை வரத் தொடங்கிவிட்டது என்று இயக்ககம் தன் செய்தி மடலில் எழுதியது.

பிறகு பெற்றோருக்கே தேர்வு வைத்தார்கள். உங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என்று கனவு காண்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கணக்கில் பாஸாக வேண்டும் என்று துளசிங்கம் சொன்னார். கனவின் அளவு போதாது என்று அதற்குப் பூஜ்யம் போட்டார்கள். விண்வெளிக்குப் போக வேண்டும் என்று சொன்ன சேட்டு முழு மதிப்பெண் வாங்கினார். அவர் மகள்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதில் அவருக்கே கொஞ்சம் குழப்பம் உண்டு. துளசிங்கம் பெயில். தகப்பனும் மகளும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் பெயிலாகி உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோருக்கான மனப்பான்மை டியூஷன் என்று திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒருவர் போர்டு மாட்டிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நல்ல சேதியும் வந்தது. மனுவின் இன்னொரு நகல் சரியான மேசைக்கே வழிதவறிப் போய்ச் சேர்ந்து, மணவூரிலிருந்து அனுசுயா என்றொரு கணக்கு டீச்சரை அல்லிக்கண்டிகைக்குப் போட ஏற்பாடாகியிருந்தது. தலைமையாசிரியர் வரதராஜன் இதைத் துளசிங்கத்தின் காதில் ரகசியமாகச் சொன்னார். உதயா அன்று இரண்டு தோசை அதிகமாகத் தின்றாள்.

அந்த வாரம்தான் சங்கரநயினார் வீடு வீடாக ஆய்வுக்கு வந்தார்.

இந்தச் சீமையில் அப்பாவை நைனா என்பார்கள். தெலுங்கு வந்து தமிழோடு சம்பந்தம் பண்ணிக்கொண்ட ஊர். மாமன் மகனை, அத்தை மகனைப் பாவா என்கிற மாதிரி பெற்றவன் நைனா. அதிலும் பிரியம் மிஞ்சினால் நைனா வந்துச்சு, நைனா சொல்லிச்சு என்பார்கள். இது ஊருக்கெல்லாம் தெரியும். சினிமா பார்த்தவர்களுக்கும் தெரியும். சங்கரநயினார் சினிமா பார்க்காதவர்.

துளசிங்கம் அன்று சவாரிக்குப் போகாமல், காக்கிச் சட்டையோடு வாசலில் இளநீர் சீவிக்கொண்டு நின்றார். உள்ளே உதயா மூலையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் உன் படிப்புக்குத் துணை யார் என்று சங்கரநயினார் கேட்டார்.

"நைனா தாங்க," என்றாள் உதயா.

சங்கரநயினாரின் முகம் மலர்ந்தது. நயினார் என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் இப்படிக் குறுக்கிவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. நம் ஊர்ப் பெயராயிற்றே. நைனா என்ன செய்வார் என்றார். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல குந்திகினு இருக்கும், தூங்காது என்றாள் உதயா. நைனா இல்லாவிட்டால் இவள் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்று ஜெயம்மாவும் ஒத்து ஊதினாள். அப்படியானால் இவள் தகப்பன் ஒன்றுமே செய்வதில்லையா என்று அவர் கேட்டபோது, சார் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து ஜெயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கரநயினாருக்கு அந்தச் சிரிப்பிலேயே அந்தத் தகப்பனின் லட்சணம் விளங்கிவிட்டது.

வாசலில் இளநீரோடு நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்து, "வண்டியைத் திருப்பி நிறுத்து" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். இயக்ககத்தின் வாடகைக் கார் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பெரிய மனிதர் கேட்கிறார், மறுக்கவா முடியும். துளசிங்கம் இளநீரை வைத்துவிட்டுப் போய் வண்டியைத் திருப்பினார்.

அடுத்த வீட்டிலும் நைனாதான். அதற்கடுத்த வீட்டிலும் நைனா. பள்ளிக்குக் கொண்டுவிடுவது நைனா, புத்தகத்துக்கு அட்டை போடுவது நைனா. ஒரு வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை, நைனா குடிச்சிட்டு வந்து அடிக்கும் சார் என்றது. கண்டிப்பானவர் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். கெங்கம்மாள் வீட்டில், நைனா எங்களை உட்டுட்டுப் புத்தூர் போயிடுச்சு என்றார்கள். அண்டை மாநிலத்திலும் சேவை செய்கிறார் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். கஜபதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் ஈ உட்கார்ந்தது, அதையும் விரட்டவில்லை.

பதினைந்தாம் நாள் அறிக்கை வெளியாயிற்று. அல்லிக்கண்டிகையில் நைனா என்னும் ஒரு தனிமனிதர் எந்தப் பலனும் எதிர்பாராமல் வீடுதோறும் சென்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார் என்றும், பெற்ற தகப்பன்மார் செய்யத் தவறியதை அவர் செய்கிறார் என்றும், இந்த நைனா முறையை மாநிலம் முழுக்கப் பரப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அவருக்கு ஒரு விருது. கடைசியில் ஒரு வரி: தன்னிறைவு பெற்ற கற்றல் பண்பாடு அங்கே நிலவுவதால், கணக்கு ஆசிரியர் நியமனம் ரத்து செய்யப்படுகிறது.

துளசிங்கத்துக்குத் தலையில் இடி விழுந்தது. தலைமையாசிரியர் வரதராஜனிடம் ஓடினார். நீங்களாவது சொல்லக் கூடாதா என்றார். வரதராஜன் மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர். ஓய்வு பெறப் போகிற மனிதர் யாரையும் திருத்துவதில்லை. அவர் ஜன்னல் வழியாகத் தணிகை மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

சரி, நேரில் போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று துளசிங்கம் திருத்தணியில் இயக்ககத்தின் முகாம் அலுவலகத்துக்கே போனார். கைகட்டி நின்று, "ஐயா, நான்தாங்க நைனா," என்றார்.

சங்கரநயினார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீ நம் டிரைவர்தானே என்றார். இல்லைங்க, நைனா என்றார் துளசிங்கம். நைனா ஊரிலுள்ள அத்தனை வீட்டுப் பிள்ளைகளையும் படிக்க வைக்கிறவர், நீ எத்தனை வீட்டுக்கு நைனா என்று அவர் கேட்டார். துளசிங்கம் மானஸ்தர். பதறிப்போய், சாமி சத்தியமாக ஒரே வீட்டுக்குத்தான் என்றார்.

"பார்த்தாயா," என்றார் சங்கரநயினார். "விருது என்றதும் வந்துவிடுகிறீர்கள். ஆள்மாறாட்டம் குற்றம், தெரியுமா? இந்த ஊரின் மனப்பான்மைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்." வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, போகிற போக்கில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுப் போகச் சொன்னார். துளசிங்கம் திருப்பி நிறுத்தினார்.

வெளியே புளியமரத்தடியில் கஜபதி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியுமே, நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமே என்று துளசிங்கம் ஆற்றாமையோடு கேட்டார்.

கஜபதி ஒரு இழுப்பு இழுத்தார். "நைனான்னா அப்பான்னு சொல்லணும்னா, அவுருக்குத் தெரியாதுன்னு மொதல்ல சொல்லணும். அத்த யாரு சொல்றது? எனுக்கும் புள்ளகுட்டி கீதுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். ஆள் கேட்டால் சர்க்காரில் தரமாட்டார்கள், காலியான இடம் என்றால் நிரப்பித்தான் ஆக வேண்டும், அது விதி. ஓர் இடம் காலியாவதற்கு மூன்றே வழி: ஓய்வு, மாறுதல், மரணம். நைனாவுக்கு ஓய்வு கிடையாது. மாறுதலும் கிடையாது, நியமன ஆணை இல்லை. அவ்வளவு சொல்லிவிட்டுப் பீடியைக் காலில் போட்டு மிதித்தார்.

துளசிங்கம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் ஜெயம்மா கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தாள். "உசுரோட கீற ஆம்பளய நானே சாவடிக்கணுமா? இன்னா பேச்சு பேசிகினு வர நீ?" என்று அழுதாள்.

"நைனா தான் சாவுது. துளசிங்கம் இங்கதான் கீறான்," என்றார் துளசிங்கம்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். நைனா சாக வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் இரங்கல் கூட்டத்துக்குப் படம் வேண்டும் என்று கஜபதி சொல்லியனுப்பியிருந்தார். யார் படம் என்றதும் அத்தனை தகப்பன்மாரும் கீழே பார்த்தார்கள். எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்கணும் என்று சேட்டு எழுந்து போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உயிரோடிருக்கிறவன் படத்துக்கு மாலை போடுவது சும்மாவா? துளசிங்கம் வீட்டுக்குப் போய், இளவயதில் லைசென்சுக்கு எடுத்த போட்டோவை எடுத்து வந்து கொடுத்தார். உதயா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் நைனா, நான் தறிக்கே போறேன் என்றாள். அவர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நைனா காலமானார் என்ற சேதி கேட்டு சங்கரநயினார் உண்மையிலேயே கலங்கிப் போனார். விருதை வாங்காமலே போய்விட்டாரே என்பது அவருக்குப் பெரிய குறை. பள்ளி மைதானத்தில் அதே ஷாமியானா. மேசையில் மீசையோடு சிரிக்கிற துளசிங்கம், பெரிய ரோஜா மாலை, ஊதுபத்தி. சங்கரநயினார் படத்தை வெகுநேரம் பார்த்து, என்ன களை, எங்கள் பக்கத்து முகவெட்டு என்றார். காரை நிழலில் விடச் சொல்லிப் பக்கத்தில் நின்ற காக்கிச் சட்டையிடம் சாவியைக் கொடுத்தார். பிறகு பேசினார்.

"அமரர் நைனாவை நான் நேரில் கண்டதில்லை. ஒருவரைக் காணாமலே அவரை முழுதும் அறிந்துகொள்வதற்குத்தான் ஆய்வு என்று பெயர். இந்த ஊரில் எத்தனையோ தகப்பன்மார் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவராவது அவரைப் போல் இருந்திருக்கக் கூடாதா?"

தகப்பன்மார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நைனாவிடம் படித்த பிள்ளை யாராவது பேச வேண்டும் என்றார். உதயாவை எழுப்பிவிட்டார்கள். அவள் மேசைப் படத்தைப் பார்த்தாள். தூரத்தில் வேப்பமரத்தடியில் காருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தாள்.

"எங்க நைனாவுக்குக் கணக்கு தெரியாதுங்க. ஏழாவதோட நின்னுடுச்சி. பகலெல்லாம் கத்திக் கத்தித் தொண்ட கட்டிகினு வரும். வந்து எம் பக்கத்துல குந்திக்கும். எனுக்குத் தூக்கம் வந்தா அதுக்கும் வரும். ஆனா தூங்காது. நான் பெயிலானப்போ கூட ஒண்ணும் சொல்லல. என் பேப்பர வாங்கி மடிச்சி சட்ட ஜோபில வச்சிகினு போயிடுச்சி."

"இப்போது நைனா..." என்று சங்கரநயினார் அடி எடுத்துக் கொடுத்தார்.

செத்துப்போச்சு என்கிற சொல் உதயாவுக்கு வாயில் வரவில்லை. "இப்ப எனுக்குக் கணக்கு வாத்தியார் வேணும் சார்," என்று சொல்லிவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். ஜெயம்மா கழுத்துச் சரட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன சேட்டுவும் திரும்பி வந்து ஓரமாக நின்று அழுதார். வேப்பமரத்தடியில் நின்றவருக்கும் கண் கலங்கிற்று. தன் சாவுக்குத் தானே அழுகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

சங்கரநயினாரால் தாங்க முடியவில்லை. அங்கேயே மேடையில் வைத்து, நைனா பணியிடம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆணையைக் கஜபதி எழுதினார். எழுதும்போது, நிரப்பப்படுபவர் கணக்கில் பட்டம் பெற்றவராக இருத்தல் நலம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அவர் பணிக்காலம் முழுவதிலும் சொந்தமாக எழுதிய ஒரே வரி அது.

அடுத்த திங்கட்கிழமை மணவூரிலிருந்து அனுசுயா டீச்சர் வந்து சேர்ந்தார். அமரர் நைனாவின் மறைவால் ஏற்பட்ட காலிப் பணியிடத்தில் என்று அவர் ஆணையில் இருந்தது. வந்ததும் கரும்பலகையில் பழைய வாத்தியார் விட்டுப்போன கணக்கு மங்கலாகத் தெரிவதைப் பார்த்தார். முதலில் அதை முடித்தார். சாயங்காலக் கைதட்டலின்போது கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தார். உதயா வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தாள். துளசிங்கம் செத்த பிறகும் பக்கத்தில் குந்திக்கொண்டுதான் இருந்தார்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பத்தாம் வகுப்பு மொத்தமும் தேறிவிட்டது. சங்கரநயினார் பாராட்டு விழாவுக்கு வந்து, நாங்கள் அப்போதே சொன்னோம், எல்லாம் மனப்பான்மை என்று பேசினார். டீச்சரை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள். மைதானத்து ஓரத்தில் துளசிங்கம் சவாரியை விட்டுவிட்டு வந்து, ஆட்டோவில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார். நைனா என்று யாரும் பொது இடத்தில் அவரைக் கூப்பிடக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. இறந்தவர் எழுந்துவிட்டால் டீச்சர் போய்விடுவார் அல்லவா.

உதயா ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தாள். கணக்கில் எழுபத்தொன்று. கட்டுப்பாடாவது ஒன்றாவது.

"நைனா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. காருக்குப் போய்க்கொண்டிருந்த சங்கரநயினார் அப்படியே நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெற்றி பெற்ற நேரத்தில் பிள்ளைகள் யாரை நினைத்துக் கூப்பிடுகிறார்கள், கேட்டீர்களா என்று கஜபதியிடம் தழுதழுத்த குரலில் சொன்னார். கஜபதி கேட்டேன் சார் என்றார். அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு காக்கிச் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுவதையும் சங்கரநயினார் பார்த்தார். துக்கத்தில் பிள்ளைகள் கிடைத்த ஆளைக் கட்டிக்கொள்வது இயல்பு. அது அவர் ஆய்விலேயே இருக்கிறது. அந்த மனிதரிடம் போய், வழக்கத்தை விட மென்மையாக, சாவியை நீட்டினார்.

"வண்டியைத் திருப்புப்பா."

துளசிங்கம் சாவியை வாங்கினார். இன்னொரு கையால் மகளைப் பிடித்துப் போய்க் காரின் முன் சீட்டில் உட்கார வைத்தார். ஏ.சி.யைப் போட்டார். திருப்பச் சொன்ன வண்டியைத் திருப்பாமல் மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் இன்னொரு சுற்று. எழுபத்தொன்று எப்படி வந்தது, எந்தக் கணக்கில் எவ்வளவு போனது என்று உதயா விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள், அவர் ஒன்றும் புரியாமல் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். சங்கரநயினார் வெயிலில் நின்று காத்திருந்தார்.